நோக்கோலும் என் மூக்கும்

முழு நோக்கோல் காய் ஒன்றை உள்ளே குடைந்து பார்த்திருக்கிறீர்களா? பார்க்காதவர்கள் பாக்கியவான்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் நான் குடைந்தேன். குசினியில் பலகைக்கட்டை போட்டு உட்கார்ந்து, மடியில் ஒரு பழைய துவாயை விரித்து, தேக்கரண்டியைக் கையில் பிடித்துக்கொண்டு... முதல் காய் அடியில் ஓட்டையாகிவிட்டது. அடுத்தது கையிலிருந்து நழுவி அடுப்புச் சாம்பலுக்குள் உருண்டது. எதிரே உட்கார்ந்து கறிமிளகாயைக் கீறி விதை எடுத்துக்கொண்டிருந்த என் மனைவி மரகதம், தலை நிமிராமலே சொன்னாள்:

“அது கொழுந்து நசுக்குற ரோலர் இல்லீங்க. இப்புடி அமுக்கினா ஓட்டையாகத்தான் செய்யும்.”

இத்தனை வருஷக் குடும்ப வாழ்க்கையில் என் சமையல் தகுதி வெந்நீர் வைப்பதோடு நின்றுவிட்ட ஒன்று. பின்னே ஏன் ஒரு நல்ல ஞாயிற்றுக்கிழமையில் குசினிக்குள் போய் உட்கார்ந்தேன் என்று கேட்கிறீர்களா? எல்லாவற்றுக்கும் காரணம் என் மூக்கு.

பழைய வாசகர்களுக்குத் தெரியும், நான் மஸ்கெலியாவுக்கு மேலே ஒரு தோட்டத்தில் டீமேக்கர். புதியவர்களுக்காகச் சொல்கிறேன். தேயிலைத் தொழிற்சாலையை எங்கள் பக்கத்தில் ஸ்டோர் என்போம். மலையிலிருந்து கொழுந்து ஸ்டோருக்கு வந்த நிமிஷத்திலிருந்து, தூளாகிப் பெட்டிக்குள் போய், மூடிக்கு ஆணி அடிக்கும்வரை எல்லாம் டீமேக்கர் பொறுப்பு. ரோலரில் நசுங்கிய கொழுந்தைப் பரப்பி வைத்தால் அதன் பச்சை வாசனை மெல்ல மாறும். ஒரு பழ வாசனை எழும்பும். அது உச்சிக்கு வருகிற சமயம் பார்த்து, காயவைக்கிற அடுப்புக்கு அனுப்ப வேண்டும். முந்தினால் பச்சை, பிந்தினால் சப்பை. அந்தச் சமயத்தைச் சொல்வது மணிக்கூடு அல்ல, மூக்கு. கம்பனி எனக்குச் சம்பளம் கொடுப்பதே மூக்குக்குத்தான். மற்ற உடம்பெல்லாம் அதைத் தூக்கிக்கொண்டு திரிவதற்கு!

அந்த மூக்கு செத்துப்போய்விட்டது.

பொங்கல் முடிந்த கையோடு ஒரு தடிமன் பிடித்தது. இந்தக் குளிரில் யாருக்குத்தான் தடிமன் பிடிக்கவில்லை? காய்ச்சல் போனது. இருமல் போனது. சளியும் போனது. போகிறபோது வாசனையையும் கையோடு கூட்டிக்கொண்டு போய்விட்டன. காலையில் கோப்பையைத் தூக்கினால் வெறும் சுடுதண்ணீர். குழம்பு வெறும் ஈரம். சனிக்கிழமை கறிமிளகாய் வாங்க பஜாருக்குப் போனேன். காதர் நானா கடையில் மாசியும் கருவாடும் மல்லியும் சீரகமும் சாக்குச் சாக்காக வாய் திறந்து நிற்கும். வாசலிலேயே மூக்கைத் துளைக்கிற கடை அது.

“ஐயா, கருவாடு புதுசு வந்திருக்கு. மணத்தைப் பாருங்க,” என்று ஒரு துண்டை என் முகத்துக்கு நேரே நீட்டினார் நானா.

“அருமை,” என்றேன். அவர் நீட்டியது விறகுக்கட்டையாக இருந்திருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

ஸ்டோரில் என்ன செய்தேன்? நடித்தேன். வேறு என்ன செய்ய? கொழுந்தை இரண்டு கையாலும் அள்ளி, முகத்தைப் புதைத்து, கண்ணை மூடி, தலையை ஒரு ஆட்டு ஆட்டி... சினிமாக்காரர்கள் பார்த்திருந்தால் கூட்டிக்கொண்டு போயிருப்பார்கள். பிறகு ரோலர் ரூம் சுப்பையாவைத் திரும்பிப் பார்த்து, “என்ன சுப்பையா, நீ சொல்லு பாப்போம்,” என்பேன். அவனாவது சொல்லிவிட மாட்டானா என்ற நப்பாசை. அவனோ நான் பரீட்சை வைக்கிறேன் என்று நினைத்து நடுங்கிப்போய், “இன்னுங் கொஞ்சம் இருக்கலாங்களாய்யா... இல்ல, போதுங்களாய்யா?” என்று என்னிடமே திருப்பிக் கேட்பான். கடைசியில் மணிக்கூட்டைப் பார்த்து, கொழுந்தின் நிறத்தைப் பார்த்து, ஆண்டவனை நினைத்து அனுப்பிவிடுவேன்.

அதுவும் எந்தக் காலத்தில்? காலையில் பனி, பகலில் காய்ந்த காற்று. எங்கள் மலையில் நல்ல தேயிலை விளைவது இந்தக் காலத்தில்தான். வருஷம் முழுக்கச் சேர்க்கிற பேரை இந்தச் சில வாரத்தில் எடுக்க வேண்டும். மூக்கு செத்துப்போக வேறு காலமே கிடைக்கவில்லையா?

இந்த அழகில் வெள்ளிக்கிழமை காலை தோட்டத்தை நடத்துகிற பெரிய துரை ஸ்டோருக்கு வந்து, திங்கட்கிழமை வி.ஏ. துரை வருகிறார் என்றார். கொழும்பிலிருந்து கம்பனிக்காகத் தோட்டம் தோட்டமாகப் போய்ப் பார்க்கிறவர் அவர். வந்தால் முதலில் ஸ்டோர். கோப்பைகளை வரிசையாக வைத்து, அந்தந்த நாள் தேயிலையை ஊற்றி, கரண்டியால் உறிஞ்சி, துப்பி, பக்கத்தில் நிற்கிற டீமேக்கரைப் பார்த்து, “நீ என்ன சொல்கிறாய்?” என்று கேட்பார். கட்டாயம் கேட்பார். அது அவர் வழக்கம்.

நான் என்ன சொல்வது? மூக்கில்லாத டீமேக்கரை எந்தத் தோட்டம் வைத்திருக்கும்? வேலை போனால் வீடும் போகும். நாங்கள் இருக்கிற வீடு தோட்டத்து வீடு. அதைவிட, வேறு தொழில் எதுவும் எனக்குத் தெரியாது. இந்த ஒரு மூக்கை நம்பித்தான் இவ்வளவு காலமும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன்.

அன்றிலிருந்து ஓரிடத்தில் இருப்புக் கொள்ளவில்லை. உட்கார்ந்தால் எழும்பச் சொல்கிறது, எழும்பினால் நடக்கச் சொல்கிறது. ஸ்டோருக்குப் போவேன், பாதி வழியில் திரும்புவேன். அலுமாரியைத் திறந்து கற்பூரத்தை மோந்து பார்ப்பேன். மண்ணெண்ணெய்ப் போத்தலின் மூடியைக் கழற்றி மோந்து பார்ப்பேன். ஒன்றுமில்லை... வெறும் காற்று. அந்தச் சமயத்தில் மரகதம் அறைக்குள் வந்தால் போத்தலைக் கீழே வைத்துவிட்டு முகட்டைப் பார்ப்பேன்.

அவளிடம் ஏன் சொல்லவில்லை? அவள் பயந்துவிடுவாள் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். உள்ளபடிக்குப் பயந்துகொண்டிருந்தது நான். வாயால் சொல்லிவிட்டால் அது நிஜமாகிவிடும் போல ஒரு பயம்.

தோட்டத்து டிஸ்பென்சர் ஐயாவிடமும் அரைகுறையாகத்தான் சொன்னேன். தடிமன் விட்டும் உடம்பு சரியில்லை, அவ்வளவுதான். முழுதும் சொன்னால் மாலைக்குள் செய்தி துரை பங்களாவுக்குப் போய்விடுமே! அவர் என் நாக்கைப் பார்த்து, நாடியைப் பார்த்து, “எண்ணெய், பொரியல், கருவாடு... எல்லாத்தையும் கொஞ்ச நாளைக்கு நிப்பாட்டுங்க. ஆவியில வெந்த காய்கறியா சாப்பிடுங்க. நல்லாத் தூங்குங்க,” என்றார். தூங்குவதாம்!

இதைக் கேட்ட மரகதம் விடுவாளா? பெரிய துரை பங்களாவின் குசினி அப்புவைப் பிடித்து, துரைமார் சாப்பிடுகிற அடைத்த காய்கறிக்குப் பக்குவம் கேட்டுக்கொண்டு வந்துவிட்டாள். அப்பு காய்களைக் குடைந்து, உள்ளே கொத்தின இறைச்சியும் வெண்ணெயும் வைத்துப் போரணை அடுப்பில் சுடுவாராம். எங்கள் வீட்டில் போரணை ஏது, வெண்ணெய்தான் ஏது? அவளாகவே மாற்றினாள். இறைச்சிக்குப் பதில் அவித்த பருப்பு. கரட் துருவல், பொடியாக அரிந்த முட்டைக்கோவா, வெங்காயம், மிளகு, கொஞ்சம் தேங்காய்ப்பூ, கடைசியில் பிழிந்துவிடத் தேசிக்காய்ப் புளி. ஒரு சொட்டு எண்ணெய் கிடையாது. டிஸ்பென்சர் ஐயாவே நேரில் வந்து பார்த்தாலும் குறை சொல்ல முடியாது.

நான் ஏன் அதில் மாட்டினேன்? ஞாயிற்றுக்கிழமை சனிக்கிழமை பறித்த கொழுந்தை முடித்துவிட்டு மத்தியானத்தோடு ஸ்டோர் எஞ்சினை நிறுத்திவிடுவோம். அந்தச் சத்தம் நின்றால் மற்ற ஞாயிறுகளில் எனக்குத் தூக்கம் வரும். இந்த ஞாயிறு காது இரைந்தது. முன் விறாந்தைக்கும் பின் வாசலுக்குமாக நடந்தேன். நடந்துகொண்டே இருந்தேன்.

“சும்மா முன்னுக்கும் பின்னுக்கும் நடக்காம இங்கிட்டு வந்து ஒக்காருங்க. தரை தேயுது,” என்று ஒரு தேக்கரண்டியையும் நோக்கோலையும் கையில் கொடுத்துவிட்டாள் மரகதம்.

இதுதான் நான் நோக்கோல் குடைந்த கதை.

மூன்றாவது காய் தப்பித்தது. கிண்ணம் மாதிரி அழகாக வந்தது. அதைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துப் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தபோது மரகதம் வெங்காயம் அரிந்துகொண்டிருந்தாள். அவள் கண்ணிலிருந்து தண்ணீர் வடிந்தது. என் கண்ணிலிருந்தும் வடிந்தது. நல்லவேளை, வெங்காயத்துக்குக் கண் போதும், மூக்குத் தேவையில்லை.

“என்னங்க,” என்றாள்.

“ம்?”

“போன செவ்வாக்கெழம கருவாடு பொரிச்சேன்ல?”

“ஆமா. நல்லாத்தானே இருந்துச்சு.”

“பொரிக்கயில காத்து ஸ்டோர் பக்கம் அடிச்சிச்சு.”

கரண்டி என் கையில் அப்படியே நின்றுவிட்டது.

எங்கள் வீட்டு வழக்கத்தை இங்கே சொல்ல வேண்டும். தேயிலை மாதிரி வாசனை பிடிக்கிற பொருள் வேறு கிடையாது. பக்கத்தில் எது இருக்கிறதோ அதன் மணத்தை வாங்கி வைத்துக்கொள்ளும். சூடான தேயிலை இருக்கிற நேரத்தில் ஒரு வீட்டுக் கருவாட்டுப் புகை உள்ளே போனால் போதும், கொழும்பில் எவரோ ஒருவர் கோப்பையை மோந்து பார்த்து முகம் சுளிப்பார். எங்கள் வீடோ ஸ்டோருக்கு நேர் கீழே. முன்வாசலில் தும்மினால் அங்கே கேட்கும். அதனால் கல்யாணமாகி வந்த புதிதிலேயே மரகதத்துக்கு நான் போட்ட முதல் சட்டம்: சட்டியில் எண்ணெய் ஊற்றுவதற்கு முன்னால் குசினி ஜன்னலால் எட்டி ஸ்டோர்ப் புகைபோக்கியைப் பார்க்க வேண்டும். புகை மலைப் பக்கம் சாய்ந்தால் காற்று அந்தப் பக்கம் போகிறது. வீட்டுப் புகையும் ஸ்டோருக்குள் போகும், பொரிக்கக் கூடாது. ஆற்றுப் பக்கம் சாய்ந்தால் பொரிக்கலாம். வேறு வீடுகளில் பெண்கள் பானையைப் பார்த்துச் சமைப்பார்கள். எங்கள் வீட்டில் புகைபோக்கியைப் பார்த்துச் சமைக்க வேண்டும்!

சில நாள் பொரித்துக்கொண்டிருக்கும்போதே காற்று திரும்பிவிடும். அப்போது நான் ஸ்டோர் ஜன்னலிலிருந்து கத்துவேன். “மரகதம்! காத்து இந்தப் பக்கம்!” தோட்டமே திரும்பிப் பார்க்கும். அவள் சட்டியை இறக்கிவைத்துவிட்டு, நான் வீட்டுக்கு வந்ததும் அதற்கும் சேர்த்து என்னை முறைப்பாள். எத்தனை வருஷச் சண்டை அது!

“ஜன்னலச் சாத்தினேன். சட்டிய எறக்கினேன். நீங்க கத்துவீங்கன்னு நின்னேன்,” என்றாள் மரகதம். “நீங்க கத்தல. வீட்டுக்கு வந்தீங்க. அந்தக் கருவாட்டையே தின்னீங்க. ஒரு வார்த்த சொல்லல.”

அன்று ஸ்டோரில் அடுப்பு அணைந்து எல்லாம் பெட்டிக்குள் போய்விட்டிருந்தது, அதனால் தேயிலை தப்பியது என்பது ஒரு பக்கம் நினைவுக்கு வந்தது. மறுபக்கம்... செவ்வாய்க்கிழமையிலிருந்து இவளுக்குத் தெரியும்! நான் மண்ணெண்ணெய்ப் போத்தலோடு நின்றதும், முகட்டைப் பார்த்ததும், எல்லாமே தெரிந்துகொண்டுதான் இவள் பருப்பு அவித்திருக்கிறாள்.

“எப்பருந்து?” என்று கேட்டாள்.

“தடிமன் விட்டதுலருந்து.”

“சுத்தமா இல்லியா?”

“சுத்தமா இல்ல.”

அவள் திட்டவில்லை, அழவும் இல்லை. வெங்காயத்தைச் சுளகில் தள்ளிவிட்டு, கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, “நாளைக்கு துரை வர்றாரே,” என்று மட்டும் சொன்னாள். அவ்வளவு நாளும் என் நெஞ்சுக்குள் கிடந்த கல்லின் ஒரு முனையை அவள் பிடித்துக்கொண்ட மாதிரி இருந்தது. பாரம் குறையவில்லை, ஆனால் தூக்க இன்னொரு ஆள் இருந்தது.

நம் வீட்டுப் பெண்கள் நம்மை எதை வைத்துக் கணக்குப் பார்க்கிறார்கள் தெரியுமா? நாம் சொல்கிற நல்ல வார்த்தையை வைத்து அல்ல. உப்பு கூடிப்போச்சு, புளி குறைஞ்சு போச்சு என்று நாம் போடுகிற சத்தத்தை வைத்துத்தான். குறை சொல்கிற புருஷன் தொல்லை. சத்தமில்லாமல் சாப்பிட்டுவிட்டு எழும்புகிற புருஷன் பயம்.

சரி, சமையலுக்கு வருவோம்.

பருப்புக் கலவையை அவள் கறிமிளகாய்க்குள் வைத்தாள். நான் நோக்கோலுக்குள் வைத்தேன். ஓட்டையானதை அவள் ஒரு கோவா இலையால் கட்டிச் சரிப்படுத்தினாள். சட்டியின் அடியில் கவ்வாத்தில் வெட்டிக் காய்ந்த தேயிலைக் குச்சிகள் — மிலாறு என்போம், எங்கள் அடுப்புக்கு விறகே அதுதான் — நாலைந்தைக் கழுவிக் குறுக்கும் நெடுக்குமாக வைத்தாள். அதன்மேல் வாழையிலை. இலைக்கு மேல் காய்கள். குச்சிக்குக் கீழே தண்ணீர். தண்ணீர் கொதித்து ஆவி எழும்பிக் காய் வேக வேண்டும். அப்புவின் போரணைக்கு மரகதத்தின் பதில்.

இந்த இடத்தில் நான் ஒரு வேலை செய்தேன்.

அவள் விளக்கேற்ற உள்ளே போனதும் சட்டியை எட்டிப் பார்த்தேன். தளதளவென்று தண்ணீர். எனக்குப் பொறுக்கவில்லை. ஒரு டீமேக்கரின் ஜென்ம விரோதி யார்? ஈரம்! வாடாத கொழுந்தில் ஈரம், காயாத தூளில் ஈரம், பெட்டிக்குள் ஈரம்... ஈரத்தோடு சண்டை போட்டே தலை நரைத்தவன் நான். இவ்வளவு தண்ணீரில் வைத்தால் காய் கூழாகிவிடாதா என்று சட்டியைச் சாய்த்துப் பாதிக்கு மேல் கொட்டிவிட்டேன். மூடியைப் போட்டேன். அடுப்பில் மிலாறை இன்னும் தள்ளி நெருப்பையும் ஏற்றிவிட்டேன். கொழுந்துக்குச் சரியான பக்குவம். காய்கறி, கொழுந்து இல்லையே என்று அந்த நேரத்தில் தோன்றவில்லை.

பிறகு மறுபடியும் உட்கார முடியவில்லை. பின் வாசலால் இறங்கிக் கொய்யா மரத்தடிக்குப் போனேன். கீழே ரோட்டில், மலை ஏறிச் சாமி கும்பிடுகிறவர்களோடு நல்லதண்ணிக்குப் போகிற யாத்திரை பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு வளைந்து ஏறியது. உள்ளே இருந்தவர்கள் கும்பலாகப் பாடிக்கொண்டு போனார்கள். எனக்கும் மலை ஏறி எதையாவது கேட்க வேண்டும் போலிருந்தது. ஆனால் என்ன என்று கேட்பது? ‘சாமி, கருவாட்டு வாசனையைத் திருப்பிக் கொடு’ என்றா?

கீழே கிடந்த கொய்யாப் பழத்தை எடுத்து மோந்து பார்த்தேன். ஒன்றுமில்லை. எறிந்தேன். நாளைக்கு வரிசையாக வைக்கிற கோப்பைகளை நினைத்தேன். துரையிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவதா, அல்லது உடம்பு சரியில்லை என்று படுத்துவிடுவதா, அல்லது எல்லாவற்றுக்கும் “வெரி நைஸ் சேர்” என்றே சொல்லிக்கொண்டு போவதா... மரத்தைச் சுற்றிச் சுற்றி நடந்தேன். வெயில் இறங்கிக் குளிர் ஏற ஆரம்பித்தது.

அப்போதுதான் எதுவோ ஒன்று வந்தது.

முதலில் நான் அதைக் கவனிக்கக்கூட இல்லை. மூக்கின் உள்ளே, மேலே, ஊசி முனை அளவுக்கு ஒரு கூச்சம். நின்றேன். மூச்சை இழுத்தேன். போய்விட்டது. மறுபடி இழுத்தேன். வந்தது! காரமாக, கசப்பாக, கறுப்பாக... தீய்ந்த இலை. தீய்ந்த குச்சி. தீய்ந்த பருப்பு!

“கருகுது!” என்று கத்தினேன். “மரகதம்! கருகுது! கருகுது!”

தாலி கட்டிய அன்றுகூட நான் அவ்வளவு சந்தோஷமாகக் கத்தியதில்லை. ஓடினேன். படியில் செருப்பொன்று கழன்று போனது. குசினிக்குள் புகை. மரகதம் அடுப்புக்குப் பக்கத்திலேயே பலகைக்கட்டையில் உட்கார்ந்திருந்தாள். அடுப்பைப் பார்க்கவில்லை, வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் உள்ளே பாய்ந்ததைக் கண்டதும் எழும்பி, துணியைப் பிடித்துச் சட்டியை இறக்கினாள்.

“வந்துருச்சா?” என்றாள்.

“கருகல் வருது மரகதம்... கருகல் மணக்குது!”

அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை. என் கண்ணில் வந்தது அழுகைதான். புகை மேல் பழி போடலாம், ஆனால் வேண்டாம்.

வாழையிலை கறுப்பு. குச்சி கரி. நோக்கோல்களின் அடிப்பாகம் மணிக்கூட்டு வார் மாதிரி சுருண்டுவிட்டது. மேல் பாதியைச் சுரண்டி எடுத்து, கறிமிளகாயில் தப்பியதைப் பொறுக்கி, இரண்டு பீங்கானில் வைத்துச் சாப்பிட்டோம். தேசிக்காய்ப் புளியின் வாசம் தூரத்தில் யாரோ கூப்பிடுகிற மாதிரி ஒரு முறை வந்து போனது. மிளகு வரவில்லை, தேங்காய்ப்பூ வரவில்லை. கருகல் மட்டும் ஒவ்வொரு வாயிலும் வந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், அவ்வளவு ருசியாக நான் எதையும் சாப்பிட்டதில்லை.

திங்கட்கிழமை என்ன ஆனது என்று கேட்பீர்களே.

வி.ஏ. துரை வந்தார். கோப்பைகள் வரிசையாக நின்றன. உறிஞ்சினார், துப்பினார், நகர்ந்தார். பின்னாலேயே நானும் உறிஞ்சினேன், துப்பினேன், நகர்ந்தேன். முதல் கோப்பை சுடுதண்ணீர். அடுத்ததும் சுடுதண்ணீர். நடுவில் ஒரு கோப்பைக்கு வந்தபோது ஞாயிற்றுக்கிழமையின் அந்த ஊசி முனை மறுபடியும் குத்தியது. சரியாக அந்த இடத்தில் துரை திரும்பி, “நீ என்ன சொல்கிறாய்?” என்றார்.

“கொஞ்சம் கருகல், சேர்,” என்றேன்.

பெரிய துரை என்னை முறைத்தார். எந்த டீமேக்கர் தன் தேயிலையைத் தானே குறை சொல்வான்? வி.ஏ. துரை இன்னொரு கரண்டி உறிஞ்சினார். யோசித்தார். ஆமாம், சூடு கூடிவிட்டது என்றார். அது நான் மூக்கில்லாமல் நடித்துக்கொண்டிருந்த நாள்களில் ஒன்றின் தேயிலை. இனி கவனமாயிரு என்று ஒரு அதட்டல் போட்டுவிட்டு, போகிற போக்கில் பெரிய துரையிடம், தன் பிழையைத் தானே சொல்கிற ஆளை நம்பலாம் என்று சொல்லிவிட்டுப் போனாராம். நம்பட்டும். அந்தக் கருகலைத் தவிர மற்ற எந்தக் கோப்பையிலும் எனக்கு ஒரு மண்ணும் தெரியவில்லை என்பது அவருக்கு எதற்கு?

இதை எழுதுவதில் பயம் இல்லையா என்று நினைக்காதீர்கள். பெரிய துரைக்குத் தமிழ் பேசத் தெரியும், வாசிக்கத் தெரியாது. பெரிய கிளாக்கருக்கு இரண்டும் தெரியும். அவர் வீட்டுக்கு அடைத்த கறிமிளகாய் ஒரு தட்டு அனுப்பியிருக்கிறோம்.

அந்தத் திங்கட்கிழமை பின்னேரம் வீட்டுக்கு வந்தபோது மரகதம் கிணற்றடியில் கருகிய சட்டியைச் சாம்பலும் தேங்காய்ப் பொச்சும் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். நான் வாங்கித் தேய்த்தேன். ஸ்டோரில் நடந்ததை எல்லாம் சொல்லிக்கொண்டே தேய்த்தேன். சொல்லி முடிந்த பிறகுதான் எனக்கு ஒன்று உறைத்தது.

“மரகதம், நீ அடுப்புக்குப் பக்கத்துலதானே இருந்தே? நான் அங்க கொய்யா மரத்துகிட்ட இருந்தேன். எனக்கு வந்த வாட ஒனக்கு வரலியா?”

அவள் சட்டிக்குள் இன்னொரு பிடி சாம்பலைப் போட்டாள்.

“எனக்கு எப்பவோ வந்துருச்சுங்க. நீங்க தண்ணியக் கொட்டுனதையும் பாத்தேன். திருப்பி ஊத்தலாம்னுதான் வந்தேன். அப்ப லேசா கருக ஆரம்பிச்சிச்சு. சரி, இருக்கட்டும்னு விட்டுட்டேன்.”

“எதுக்கு?”

“கருவாட்டுக்குத்தான் நீங்க வரல. இதுக்காவது வர்றீங்களான்னு பாத்தேன்.”

நினைத்துப் பாருங்கள். அரைநாள் பாடுபட்டு வைத்த சாப்பாடு கண் முன்னால் கரியாகிக்கொண்டிருக்கிறது. கையை நீட்டினால் இறக்கிவிடலாம். அவள் கையை மடியில் வைத்துக்கொண்டு, புகைக்குள் உட்கார்ந்து, வாசலைப் பார்த்துக்கொண்டு...

“நான் வராமப் போயிருந்தா?” என்றேன்.

“வரலன்னா என்ன? கருகுனதத் தின்னுட்டு, துரைகிட்ட என்ன சொல்றதுன்னு ரெண்டு பேருமா யோசிச்சிருப்போம்.”

நான் சட்டியைப் பார்த்துத் தேய்த்தேன். வேறு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

இப்போது வாசனைகள் ஒவ்வொன்றாகத் திரும்பிக்கொண்டிருக்கின்றன. புதன்கிழமை மண்ணெண்ணெய் வந்தது. வியாழக்கிழமை காலையில் தட்டில் பரப்பிய கொழுந்திலிருந்து, மெல்ல, அந்தப் பழ வாசனை எழும்பியது. சுப்பையாவைப் பார்த்து, “அனுப்பு,” என்றேன். பரீட்சை முடிந்தது என்று அவனுக்கும் நிம்மதி.

அன்றைக்கே பின்னேரம் ஸ்டோருக்குள் கருவாட்டு வாசம் வந்தது. டிஸ்பென்சர் ஐயா மன்னிக்க வேண்டும். ஜன்னலுக்கு ஓடினேன். புகைபோக்கிப் புகை அப்பட்டமாக மலைப் பக்கம் சாய்ந்திருந்தது. “மரகதம்! காத்து இந்தப் பக்கம்!” என்று தோட்டமே கேட்கக் கத்தினேன். கீழே குசினி ஜன்னலில் அவள் முகம் தெரிந்தது. சட்டியை உடனே இறக்கவில்லை. இன்னொரு தரம் கேட்க வேண்டும் என்று நிற்கிறாள் போலப் பட்டது.

கத்தினேன்.